ஆரூரனின் பதாகையில் நடுவே நிற்பது யார்?

சுபா: குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆரூரனின் எட்டாவது பிறந்தநாள். பதாகைக்குரிய படத்தை இன்று மாலை ஆறு மணிக்குள் கொடுத்தால்தான் சனிக்கிழமை கைக்குக் கிடைக்கும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ் தொடரைத்தான் போட வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறான். நடுவில் யாரை வைப்பது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

விது: தஞ்சிரோவை வையுங்கள் அக்கா.

ரமணன்: அவன் டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன்.

விது: அதனால்தான் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கார்ட்டூன் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எதற்கு?

கஜன் (டொரன்டோ): அதை நாங்கள் சுட்டி டிவியில் தமிழில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நீ தொட்டிலில் கிடந்தாய், தம்பி.

செல்வி மாமி: பார்த்தது எங்கள் வீட்டில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிமோட் கஜனின் கையை விட்டு இறங்கியதே இல்லை. என் சமையல் நிகழ்ச்சி போனது போனதுதான்.

பெரியப்பா: எல்லோரும் முழு வசனத்தில் எழுதுவது மகிழ்ச்சியளிக்கிறது. அந்தத் தொடரில் நல்ல பாத்திரம் எது என்று யாராவது எனக்கு விளக்குங்கள். சான் என்ற நடிகரை மட்டும் எனக்குத் தெரியும்.

சுபா: பெரியப்பா, ரமணனிடம் இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

ரமணன்: நன்றி பெரியப்பா. 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்களாக, 95 அத்தியாயங்கள் வந்த தொடர் அது. அதில் வரும் ஜாக்கி ஒரு தொல்பொருள் ஆய்வாளர்; சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வயதான அங்கிளோடும், ஹொங்கொங்கிலிருந்து வந்த ஜேட் என்ற குறும்புக்காரச் சிறுமியோடும் வாழ்கிறார். உண்மையான ஜாக்கி சான் கடைசியில் நேரில் தோன்றிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வாரே தவிர, மூலத் தொடரில் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சை என்பவர். ஆனால் எழுத்து என்று பார்த்தால் அந்தத் தொடரின் உச்சம் ஜாக்கியும் அல்ல, ஜேட்டும் அல்ல, தோருதான். முதற் பருவத்தில் அவன் வால்மொண்ட் என்ற வில்லனின் கூட்டத்தில் கூலிக்கு அடிக்கும் மலை போன்ற அடியாள். எசமானர்கள் அவனைக் கைவிட்டதும் பக்கம் மாறுகிறான், பிறகு அங்கிளின் கடையிலேயே தங்கி அவரிடம் மந்திரம் பயிலும் மாணவனாகிறான். ‘நான் திருந்திவிட்டேன்’ என்று அவனை ஒரு நீண்ட பிரசங்கம் செய்ய விட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அங்கிளிடம் திட்டு வாங்குவதிலும், கேட்ட மூலிகையைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பதிலும், அவனுடைய தாய் வந்து அங்கிளோடு சண்டை பிடிக்கும்போது இருவருக்கும் நடுவில் அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்பதிலும் அந்த மாற்றத்தை எழுதியிருக்கிறார்கள்.

கஜன்: இதை ஒரு குரற்பதிவாக அனுப்பியிருந்தால் வேலைக்குப் போகும் வழியில் கேட்டிருப்பேன்.

பெரியப்பா: தாய்க்கும் குருவுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை நல்ல பாத்திரம்தான்.

விது: எழுத்து இருக்கட்டும். அந்தப் படங்களை ஒருமுறை பாருங்கள் அண்ணா! எல்லோருக்கும் முகம் கத்தியால் சீவியதுபோல இருக்கிறது. தோருவின் தோள் கதவை விட அகலம், தலையோ தோடம்பழம் அளவு. டீமன் ஸ்லேயரை 2019இல் யூபோடேபிள் நிறுவனம் எடுத்தபோது, தஞ்சிரோவின் வாள் வீச்சில் எழும் நீரைப் பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியங்களின் அலைபோல வரைந்தார்கள். ஓவியம் என்றால் அது.

ரமணன்: அந்த நீர் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோருவின் வடிவம் கை தவறி வந்ததன்று, நினைத்துச் செய்தது. ஜாக்கி சான் தொடரின் பாத்திரங்களை வடிவமைத்த ஜெப் மட்சுடா காமிக்ஸ் வரைந்து பழகியவர். 2004இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரின் உருவங்களும் அவர் கையில் பிறந்தவைதான். நிறம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்பு நிழலாக மட்டும் காட்டினாலும், இவன் தோரு, இவர் அங்கிள், இவள் ஜேட் என்று ஒரு குழந்தை சொல்லிவிடும். டீமன் ஸ்லேயரில் முகங்களை மட்டும் வைத்துவிட்டு முடியையும் உடையின் கோலத்தையும் எடுத்துவிட்டால் எத்தனை பேரை உன்னால் அடையாளம் காண முடியும்?

விது: தஞ்சிரோவின் தங்கை நெசுகோவை எப்போதும் அடையாளம் காண்பேன்.

ரமணன்: வாயில் மூங்கில் இருப்பதால் காண்பாய்.

செல்வி மாமி: பெண்பிள்ளையின் வாயில் எதற்காக மூங்கில் வைத்தார்கள்?

விது: அவள் அரக்கியாகிவிட்டாள் அம்மா. யாரையும் கடித்துவிடக் கூடாது என்பதற்காக. தான் வெட்டி வீழ்த்தும் அரக்கனுக்காகவும் தஞ்சிரோ மனம் இரங்குவான். இது நல்ல எழுத்து இல்லையா?

ரமணன்: நல்ல எழுத்துத்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவன் அவ்வளவு நல்லவன், கடைசிவரை அவ்வளவு நல்லவன். அவனை வணங்கலாம். தோருவோடு ஒரே வீட்டில் வாழலாம்.

கஜன்: சுபா, செலவில் பாதியை நான் அனுப்புகிறேன். ஜாக்கியை நடுவில் வை. நாற்காலி, ஏணி என்று கையில் அகப்பட்டதை வைத்துச் சண்டை பிடிக்கும் அந்த நிலையில் அவர் நின்றால் படத்துக்கு ஓர் அசைவு வரும்.

செல்வி மாமி: காசு அனுப்புகிறவர் சொல்வதுதான் நடக்கும் என்றால் குழு எதற்கு? சுபாவின் கல்யாண அழைப்பிதழிலும் இப்படித்தான் கனடாவிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு, என் பெயரை இரண்டாம் பக்கத்தில் போட்டார்கள்.

பெரியப்பா: தங்கச்சி, அதைப் பற்றி நாம் கோவிலடியில் வைத்துப் பேசி முடித்துவிட்டோம்.

செல்வி மாமி: நீங்கள் முடித்தீர்கள் அண்ணா.

சுபா: மணி நான்கேகால் ஆகிவிட்டது. ஆரூரனிடமே கேட்டேன். ஜாக்கியும் வேண்டாம், தோருவும் வேண்டாம், ஷெண்டுதான் வேண்டும் என்கிறான்.

பெரியப்பா: அவர் யார்?

ரமணன்: கற்சிலையாக அடைபட்டுக் கிடக்கும் டிராகன் அரக்கன், பெரியப்பா. அவனுடைய சக்தி பன்னிரண்டு தாயத்துகளாகப் பிரிந்து உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும். சீன ஆண்டு வட்டத்தின் பன்னிரண்டு விலங்குகளும் அவற்றில் இருக்கும். காளைக்குப் பலம், முயலுக்கு வேகம், பாம்புக்குக் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ஆற்றல், குதிரைக்குக் காயத்தை ஆற்றும் ஆற்றல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம். எனக்கு மிகவும் பிடித்தது புலி. அது மனிதனின் நல்ல பாதியையும் கெட்ட பாதியையும் தனித்தனி ஆளாகப் பிரித்துவிடும். ஜாக்கி அப்படி இரண்டாகப் பிரிந்தபோது முகத்தை மாற்றி வரையாமல், புருவத்தையும் நிற்கும் விதத்தையும் கொண்டே யார் எவர் என்று நமக்குப் புரிய வைத்தார்கள். கோடுகள் குறைவாக இருப்பதன் பலன் அதுதான், விது.

செல்வி மாமி: பிறந்தநாள் அன்று வாசலில் அரக்கன் நிற்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கண்ணேறு போல ஆகிவிடும்.

விது: கண்ணேறு கழிக்கத்தானே வீடு கட்டும்போது பூதத்தின் முகம் தொங்கவிடுகிறோம், அம்மா?

பெரியப்பா: மருமகன் சொல்வதில் நியாயம் உண்டு.

கஜன்: அப்படியானால் தாயத்துகளைச் சுற்றிவர வைக்கலாம். ஆரூரன் 2018 ஆடியில் பிறந்தவன். அது சீனக் கணக்கில் நாய் ஆண்டு.

செல்வி மாமி: பதாகையில் நாயா!

ரமணன்: மாமி, அந்தத் தொடரில் நாய்த் தாயத்துக்கு உரிய வரம் சாகாவரம்.

செல்வி மாமி: அப்படியானால் அதைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

பெரியப்பா: நாய் வைரவருக்கு வாகனம். தவறொன்றும் இல்லை.

சுபா: பதாகையின் அகலம் ஆறடிதான். பன்னிரண்டு தாயத்தும், தோருவும், ஜாக்கியும், ஷெண்டுவும் நின்றால் பிள்ளையின் பெயரை எங்கே எழுதுவது?

ரமணன்: தோருவின் வயிற்றில் எழுதலாம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய, ஒரே நிறமான, வெறுமையான பரப்பு வேறு எந்தப் பாத்திரத்திடமும் இல்லை. தடித்த கோடும் தட்டையான நிறமும் இருப்பதால், கைத்தொலைபேசியில் பிடித்த படத்திலிருந்து அச்சகத்தார் பிரதி செய்து வரைவதும் இலகு. விது காட்டிய நீர்ப் படத்தை ஆறடிக்கு இழுத்தால் அலை எல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும்.

விது: நல்ல தரத்தில் படம் என்னிடம் இருக்கிறது.

சுபா: உன் பிறந்தநாளுக்கு அதைப் போடுகிறேன், தம்பி.

பெரியப்பா: இது கச்சான் காற்று வீசும் காலம். திருகோணமலையில், அதுவும் உவர்மலையில் மேட்டு வீடு வேறு. பதாகையில் நான்கைந்து இடங்களில் காற்றுப் போக வெட்டிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாலைக்குள் உட்துறைமுக வீதியில்தான் தேட வேண்டும்.

கஜன்: கேற்றில் தாழ்வாகக் கட்ட வேண்டாம். கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து கடிக்கும்.

செல்வி மாமி: டொரன்டோவில் இருந்துகொண்டு மானைப் பற்றி எங்களுக்குச் சொல்கிறான்.

சுபா: தோரு நடுவில், ஜேட் அவன் தோளில், ஜாக்கி இடப்பக்கம் ஏணியோடு, நாய்த் தாயத்து மேலே, ஷெண்டுவின் வால் மட்டும் வலது மூலையில் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வால் மட்டும் என்பதை ஆரூரனுக்கு இன்னும் சொல்லவில்லை. யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ரமணன்: அங்கிளை விட்டுவிட்டாயே அக்கா! அங்கிள் இல்லாமல் தோரு மாணவன் என்பது எப்படித் தெரியும்?

சுபா: அச்சகத்துக்கு நீ தொலைபேசி எடு.

ரமணன்: எடுத்தேன், இணைப்பு பிசியாக இருக்கிறது.

விது: கேக்கைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. கேக்கில் தஞ்சிரோவை வைக்கலாமா?

செல்வி மாமி: கேக்கை நான் செய்கிறேன் என்று போன மாதமே சொன்னேன். என் கேக்கில் யார் நிற்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.