புதுப்பிப்பு: நாய்முக ஷெரீஃப் யாரென்று தெரிந்துவிட்டது

பழைய பிரெஞ்சு காமிக்ஸ் பக்கம் ஒன்றைப் போட்டு, "கௌபாய் உடையில் மிருகங்கள், ஆனால் ஆட்கள் நம்ம சிக் பில் (கௌபாய் காமிக்ஸ் தொடர்) கோஷ்டி மாதிரியே இருக்கிறார்களே, யாராவது செய்த நையாண்டியா?" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நையாண்டி இல்லை. அதுதான் அசல் சிக் பில்! "பெல்ஜியத்தின் டின்டின் வார இதழில் சிக் பில் வருவதற்கு முந்தைய காலத்தில் தேடுங்க" என்ற நண்பரின் யோசனைதான் பலித்தது. ஓவியர் டிபே 1953-ல் 'ஷே நூ ஜூனியர்' என்ற பெல்ஜியச் சிறுவர் இதழில் தொடங்கியபோது எல்லோருக்குமே மிருகத் தலைதான். ஷெரீஃப் டாக்புல் நிஜமாகவே நாய். தொடர் 1955-ல் டின்டின் இதழுக்குப் போனது; அங்கே எல்லோரும் மனிதர்கள்தான்.

நான் எதிர்பார்க்காதது, முகம் மாறியும் குணம் மாறவில்லை என்பது. டாக்புல்லின் சிடுசிடுப்பும் அவருடைய உதவியாளர் ஆர்டினின் அசட்டுத்தனமும் அப்போதே இருக்கின்றன. சிவகாசி லயன் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்புகளில் நாம் படித்ததெல்லாம் மனித வடிவம் என்பதால்தான் இந்தக் குழப்பம். பிறகு தேடுபவர்கள் ஆல்பங்களை (தனிப் புத்தகங்களை) விட்டுவிட்டு, அந்தப் பழைய இதழின் பெயரில் தேடுங்கள்.