ஆடுறவங்க, ஆட்டுறவங்க: கல்லூரி பால்ரூம் குழு

பொறுப்பு மேடம் (மாலை 6:10)
எல்லாருக்கும் வணக்கம். பால்ரூம் ஜோடி நடனப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கு. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு பணியாளர், அவருக்குக் கோச்சா ஒரு மாணவர். நடனம் வால்ட்ஸ், சா சா. 12 ஜோடி பேர் கொடுத்திருக்காங்க. ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன்: மார்க் பணியாளருக்கு மட்டும். கோச் எவ்வளவு பிரமாதமா ஆடினாலும் பூஜ்யம்தான்.

சா சா கோச் (6:12)
அதான் மேடம் நியாயம். வெளியில தொழில்முறை ஆட்டக்காரரும் அமெச்சூரும் ஜோடியா ஆடுற புரோ-ஆம் போட்டியிலயும் நடுவர் பார்க்கறது அமெச்சூரைத்தான்.

வால்ட்ஸ் கோச் (6:13)
கோச்சுங்க எல்லாரும் இதை மண்டையில ஏத்திக்கோங்க. நம்ம கை வீச்சு, தலை திருப்பல் எல்லாம் வேண்டாம். பக்கத்துல ஆடுறவர் அழகா தெரியணும், நாம தெரியவே கூடாது. ஏழெட்டு ஃபிகர் (அடிகளோட கோர்வை) சொல்லிக்கொடுத்து குழப்பறதை விட நாலு ஃபிகர் சுத்தமா ஆடட்டும்.

நூலகம் சார் (6:15)
நாலு ஃபிகரை வச்சு ஒன்றரை நிமிஷம் ஓட்ட முடியுமா தம்பி? பார்க்கறவங்களுக்கு சலிக்காது?

சா சா கோச் (6:19)
ஓட்டலாம் சார், கணக்கு போட்டுக் காட்டறேன். சா சா போட்டி வேகம் நிமிஷத்துக்கு 30–32 பார் (சா சால நாலு பீட் சேர்ந்தா ஒரு பார்). நமக்கு 28 போதும். 90 செகண்டுக்கு 42 பார் வருது. முதல் 2 பார் காது கொடுத்துக் கேட்கறதுக்கு. மீதி 40.
பேசிக் (முன்னும் பின்னும் போற அடிப்படை அடி) ரெண்டு தடவை, 4 பார். நியூயார்க் (பக்கவாட்டுல திறந்து முன்னாடி வைக்கிறது) மூணு, அப்புறம் ஒரு ஸ்பாட் டர்ன் (நின்ன இடத்துல சுத்தறது), 4 பார். ஹேண்ட் டு ஹேண்ட் (பக்கவாட்டுல திறந்து பின்னாடி வைக்கிறது) மூணு, ஸ்பாட் டர்ன், 4 பார். கடைசியா கைக்கு அடியில திருப்பறது ஒண்ணு, பேசிக் ஒண்ணு, 4 பார். மொத்தம் 16. ரெண்டு சுத்து முழுசா, மூணாவது சுத்துல பாதி. 16+16+8, சரியா 40.

கணக்குப் பிரிவு மேடம் (6:21)
மூணு நியூயார்க்னா ஏன் மூணு? நாலு போட்டா என்ன ஆகும்?

சா சா கோச் (6:24)
கால் மாறிடும் மேடம். ஜோடியை நடத்தறவர் லீட், கூடப் போறவர் ஃபாலோ. லீட் பண்றவருக்கு பேசிக் முடியறப்போ இடது கால் எடை இல்லாம ஃப்ரீயா இருக்கும். நியூயார்க் இடது, வலது, இடதுன்னு போச்சுன்னா ஸ்பாட் டர்ன் வலது கால்ல ஆரம்பிச்சு இடப்பக்கம் சுத்தும், முடியறப்போ திரும்பவும் இடது கால் ஃப்ரீ. அடுத்த ஃபிகர் தானா வந்து உட்காரும். நாலு போட்டுட்டு அதே ஸ்பாட் டர்னுக்குப் போனா எடை நிக்கிற காலையே தூக்கப் பார்ப்பீங்க. அங்கதான் ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசையில இழுத்துக்கிட்டு நிக்கிறது.

இசை தம்பி (6:26)
சா சா பாட்டு நிமிஷத்துக்கு 31 பார்ல இருக்கு. 90 சதவீதம் வேகத்துக்கு இறக்கினா 28 வருது. சுருதி மாறாம இறக்கியிருக்கேன், இல்லன்னா பாடறவர் தூக்கத்துல பாடற மாதிரி கேட்கும். வால்ட்ஸையும் அதே மாதிரி 25க்கு இறக்கிடவா?

வால்ட்ஸ் கோச் (6:27)
ஐயோ வேண்டாம்ப்பா. வால்ட்ஸ் 30லயே இருக்கட்டும். இதுல எல்லாரும் தப்புக் கணக்கு போடுவாங்க. மெதுவான வால்ட்ஸ்தான் கஷ்டம். வால்ட்ஸ்ல பாருக்கு மூணு பீட், அதுல 2லயும் 3லயும் உசந்து நிக்கணும், மெதுவாக்கினா அந்த நிலையில கூட கொஞ்ச நேரம் ஒத்தைக் கால்ல தாங்கணும். புதுசா ஆடுறவங்க தாங்க முடியாம பாட்டுக்கு முன்னாடியே விழுந்துடுவாங்க.

இசை தம்பி (6:28)
சரிண்ணா. 30ல 90 செகண்ட், 45 பார். கடைசி 3 செகண்ட்ல சத்தத்தைக் குறைச்சு முடிச்சிடறேன்.

லேப் அண்ணா (6:33)
சா சால எனக்கு ஒரு சந்தேகம்மா. ஒண்ணு ரெண்டு சா-சா-சான்னு எண்ணினா பாட்டோட ஒட்ட மாட்டேங்குதே?

சா சா கோச் (6:37)
எண்ணிக்கையே தப்புண்ணா, அதான். 2, 3, 4-&-1. கடைசி "சா" விழறது அடுத்த பாரோட 1ல. நீங்க எண்ணற மாதிரி ஆடினா முன்னாடி வைக்கிற அடி 1ல விழும். எல்லாமே ஒரு பீட் முன்னாடி போயிடும்.
சொல்லிப் பழகறதுன்னா "தா, தா, தக தா". முதல் தா 2, ரெண்டாவது 3, "தக" 4ஐ ரெண்டாப் பிளக்குது, கடைசித் தா 1, அதுல பாட்டோட அடி கனமா கேட்கும். கைதட்டி பத்து தடவை சொல்லிட்டு அப்புறம் காலை நகர்த்துங்க.
ஆரம்பிக்கிறப்போ லீட் பண்றவர் 1ல வலப்பக்கம் ஒரு அடி வச்சு நின்னுக்கணும். அடுத்து இடது கால் முன்னாடி போறது தானா 2ல விழும்.

லேப் அண்ணா (6:38)
ஓ அப்ப அந்த பக்கவாட்டு அடி வாசப்படி மாதிரி. புரியுது.

சா சா கோச் (6:39)
ஆமா. இன்னொண்ணு, தக தா அடிகளைச் சின்னதா வைங்க. பாதம் அகலத்துக்கு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரிசா வச்சா கால் சேரறதுக்குள்ள பீட் போயிடும், இடுப்பு அசையவும் நேரம் இருக்காது.

கணக்குப் பிரிவு மேடம் (6:45)
வால்ட்ஸ் பாக்ஸ்ல மூணாவது எண்ணிக்கைக்கு அப்புறம் கால் குழம்பறது ஏன்? முதல் பாதி சரியா வருது, ரெண்டாவது பாதியில தப்பான கால் வருது.

வால்ட்ஸ் கோச் (6:50)
புதுசா ஆடுறவங்க தப்புல பாதி இதுதான் மேடம். பாக்ஸ் இப்படி: முன்னாடி, பக்கம், சேர்த்து. பின்னாடி, பக்கம், சேர்த்து. "சேர்த்து"ங்கறப்போ காலைப் பக்கத்துல கொண்டு வந்து வச்சிடறாங்க, எடையை அதுல ஏத்தறதில்ல. உடனே அந்தக் காலே திரும்பக் கிளம்பிடும்.
கோச்சுங்களுக்கு: 3ல பாட்டை நிறுத்துங்க. "எந்தக் கால் ஃப்ரீ?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல வேண்டாம், அந்தக் குதிகாலைத் தூக்கிக் காட்டட்டும். தூக்க முடியலன்னா எடை இன்னும் நடுவுலயே இருக்கு. முதல் ரெண்டு வகுப்புல வேற எதுவும் சொல்லிக்கொடுக்காம இதை மட்டும் செஞ்சாலே போதும்.

வால்ட்ஸ் கோச் (6:51)
வால்ட்ஸுக்கு வாய்ல "தகிட தகிட". ஒவ்வொரு பாதி பாக்ஸுக்கும் கால்வாசி இடப்பக்கம் திரும்பினா 4 பார்ல ஒரு முழுச் சுத்து வந்துடும். அதுக்கு மேல ஒரு கைக்கு அடியில திருப்பல். இது ரெண்டும் தெரிஞ்சா மேடைக்குப் போதும்.

நூலகம் சார் (6:58)
மிதி வாங்கறதைப் பத்தி யாருமே பேசலையே. லீட் பண்றப்போ எதிர்ல இருக்கறவங்க கால்ல ஏறிடுவோமோன்னு அடியைச் சின்னதா வைக்கத் தோணுது.

வால்ட்ஸ் கோச் (7:02)
அந்தத் தயக்கம்தான் சார் மிதிபட வைக்குது. ஃபாலோ பண்றவங்க உங்க காலைப் பார்த்து நகர்றதில்ல, உங்க நெஞ்சு முன்னாடி வர்றது தெரிஞ்சாத்தான் நகருவாங்க. நீங்க உடம்பைப் பின்னாடியே வச்சுக்கிட்டு காலை மட்டும் நீட்டினா அவங்க பாதம் இருக்கற இடத்துலயே இருக்கும், உங்க கால் அது மேல போய் உட்காரும். முதல்ல உடம்பு, அப்புறம் கால். வால்ட்ஸ்ல முன்னாடி வைக்கிற முதல் அடி குதிகால்ல தரை தொடணும்.
ஃபாலோ பக்கமும் ஒரு வேலை இருக்கு. பின்னாடி வைக்கிற காலை முட்டியில இருந்து இல்லாம இடுப்புல இருந்து நீட்டணும், முதல்ல விரல் நுனி படணும். அடி குட்டையா இருந்தா முட்டி முட்டியோட இடிக்கும்.

சா சா கோச் (7:04)
நேருக்கு நேர் நிக்கறதும் ஒரு காரணம். ரெண்டு பேரும் துணையைத் தங்களோட வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சுக்கணும். அப்பத்தான் வலது கால் எதிராளி ரெண்டு பாதத்துக்கு நடுவுல போகும். பார்வை அவங்க வலது தோள் மேல. கீழே குனிஞ்சு பாதத்தைப் பார்த்தீங்கன்னா தலை எடை முன்னாடி சாஞ்சு ரெண்டு பேரும் நெத்தியை முட்டிக்குவீங்க.

லேப் அண்ணா (7:06)
கை எங்க வைக்கணும்? இதுல கொஞ்சம் கூச்சம் இருக்கு, வெளிப்படையா கேட்டுடறேன்.

பொறுப்பு மேடம் (7:09)
நல்லதாப் போச்சு கேட்டீங்க. இடுப்புல யாரும் கை வைக்கப் போறதில்ல. லீட் பண்றவர் வலது கை, துணையோட இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ. விரல்கள் சேர்ந்து இருக்கணும். அவங்க இடது கை லீட் பண்றவரோட மேல்கையில. இணைச்ச கை ரெண்டு பேர்ல உயரம் குறைஞ்சவர் கண் மட்டத்துக்கு. முதல் வாரம் இந்தப் பிடிப்பு, அதாவது ஹோல்டே கிடையாது, கையை மட்டும் பிடிச்சு ஆடலாம்.
அப்புறம் இது கறாரான விதி: எந்த மாணவருக்கு மார்க் போடறோமோ அவங்களோட ஜோடி சேரக் கூடாது. பயிற்சி பெரிய ஹாலில், கதவு திறந்து, குறைஞ்சது மூணு ஜோடி இருக்கறப்போ மட்டும். ஜோடி மாத்தணும்னா எனக்குத் தனியா ஒரு வரி அனுப்பினா போதும், காரணம் கேட்க மாட்டேன். இது பணியாளருக்கும் மாணவருக்கும் பொது.

சா சா கோச் (7:10)
நன்றி மேடம்.

நூலகம் சார் (7:12)
நான் லீட் பண்றதா ஃபாலோ பண்றதா? உயரமா இருக்கேன், கோச் பொண்ணு என் தோளுக்குத்தான் வருது.

வால்ட்ஸ் கோச் (7:16)
உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார், ரெண்டும் யாரும் ஆடலாம். ஆனா ஆறு வாரத்துல லீட் கத்துக்கறது கூடுதல் சுமை: தன் அடி, துணையோட திசை, பக்கத்து ஜோடி, மூணையும் ஒண்ணா கவனிக்கணும். லீட்தான் வேணும்னா சா சா எடுத்துக்கோங்க, அது நின்ன இடத்துலயே ஆடறது. வால்ட்ஸ் ஹாலைச் சுத்தி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில நகரும், அதுல திசை பிடிக்கறது தனிக் கலை. எதுவா இருந்தாலும் முதல் வாரத்துக்குள்ள முடிவு பண்ணிடுங்க, நடுவுல மாத்தினா ரெண்டும் போச்சு.

வால்ட்ஸ் கோச் (7:17)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வால்ட்ஸ் கோச் (7:18)
தப்பான குழுவுல போட்டுட்டேன், மன்னிக்கவும். உயர வித்தியாசம் அதிகம்னா ஹோல்டைக் கொஞ்சம் அகலமா, கொஞ்சம் கீழ வச்சுக்கோங்க சார். உயரமானவர் முட்டியை மடக்கி கூனிக்கிட்டு ஆடினா நடுவர் கண்ணுல முதல்ல படறது அதுதான்.

கணக்குப் பிரிவு மேடம் (7:25)
ஷூ?

சா சா கோச் (7:30)
நடன ஷூ அடிப்பக்கம் மெல்லிய ஸ்வேட் தோல் இருக்கும் மேடம், சுழலவும் விடும், வழுக்காமலும் பிடிக்கும். தெருவுல போட்டு நடக்கக் கூடாது. பளபளன்னு ஆச்சுன்னா கம்பி பிரஷ்ஷால ஒரே திசையில சீவணும். பெண்களோட லத்தீன் ஷூ குதிகால் வழக்கமா 2.5 அங்குலம், உங்களுக்கு 1.5 போதும், பின்கணுக்கால்ல பட்டை கட்டாயம்.
புதுசா வாங்காதவங்க ஓடற ஷூ மட்டும் போட்டுட்டு வராதீங்க. ரப்பர் தரையைப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவுல முறுக்கிக்கறது முட்டி. வேற வழி இல்லன்னா முன்பாதம் படற இடத்துல மட்டும் துணி டேப் ஒட்டுங்க. குதிகால்ல ஒட்டாதீங்க, பிரேக் போயிடும்.

லேப் அண்ணா (7:32)
தரையில பவுடர் தூவினா சுலபமா சுத்தலாமே?

வால்ட்ஸ் கோச் (7:33)
ஒருத்தர் சுத்துவார், அடுத்தவர் விழுவார். பவுடர் ஒரே சீரா பரவாதுண்ணா. வேணவே வேணாம்.

பொறுப்பு மேடம் (7:40)
நடுவர் 5 பேர். முதல் சுற்று ஆறு ஆறு ஜோடியா ரெண்டு தடவை. அதுல மதிப்பெண் இல்லை, ஒவ்வொரு நடுவரும் பிடிச்ச ஆறு ஜோடியை டிக் பண்ணுவாங்க, அதிக டிக் வாங்கின ஆறு இறுதிக்கு. இறுதியில 1 முதல் 6 வரை இடம் போடுவாங்க, ஒரே நடுவர் ஒரே இடத்தை ரெண்டு பேருக்குத் தர முடியாது.

கணக்குப் பிரிவு மேடம் (7:41)
கூட்டி சராசரி எடுத்துடலாம், எக்செல்ல நான் போட்டுத் தரேன்.

வால்ட்ஸ் கோச் (7:47)
கூட்டக் கூடாது மேடம். பால்ரூமுக்கு ஸ்கேட்டிங் முறைன்னு தனிக் கணக்கு இருக்கு, 1937ல பிரிட்டன்ல வந்தது. பெரும்பான்மைதான் அடிப்படை. 5 நடுவர்னா 3.
உதாரணம்: ஒரு ஜோடிக்கு 1, 1, 4, 4, 5. இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 3, 6. கூட்டினா ரெண்டுக்கும் 15. இப்ப ஸ்கேட்டிங். மூணு முதலிடம் யாருக்காவது இருக்கா? முதல் ஜோடிக்கு ரெண்டுதான். மீதி மூணு முதலிடமும் ஆளுக்கு ஒண்ணா சிதறிடுச்சுன்னு வைங்க. அடுத்து, "2ஆவது இடம் அல்லது அதை விட நல்ல இடம்" மூணு பேர் போட்டது யாருக்கு? ரெண்டாவது ஜோடிக்கு. வேற யாருக்கும் அது இல்லன்னா அவங்கதான் முதல்.
ஒரு நடுவர் வேண்டியவருக்கு 1, வேண்டாதவருக்கு 6ன்னு போட்டாலும் முடிவை அவர் ஒருத்தரால சுலபமா புரட்ட முடியாது. அதான் இதோட அழகு.

கணக்குப் பிரிவு மேடம் (7:49)
அட. சரி, ஒவ்வொரு இடத்துக்கும் "இந்த இடம் அல்லது அதை விட நல்ல இடம் எத்தனை"ன்னு பத்தி போட்டுத் தரேன். நடுவர் எண்ணிக்கை ஒற்றைப்படையாவே இருக்கணும் போல.

வால்ட்ஸ் கோச் (7:49)
ஆமா மேடம். யாராவது வரலன்னா 4 பேரா நடத்தாதீங்க, 3 ஆக்கிடுங்க.

இசை தம்பி (7:55)
ஒத்திகையிலயும் இதே பாட்டுதானே ஓடும்?

சா சா கோச் (7:56)
கடைசி வாரம் வேற பாட்டு போடுப்பா, அதே வேகத்துல. ஒரே பாட்டுல பழகினா பாட்டு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஆடுவாங்க, தாளத்தைக் கேட்க மாட்டாங்க. மேடையில ரெண்டு பார் தவறினா திரும்பச் சேரத் தெரியாது.

நூலகம் சார் (7:57)
தவறினா என்ன பண்றது?

சா சா கோச் (7:58)
நின்னுடாதீங்க சார். கோச் உங்க கையை லேசா அழுத்துவாங்க, பேசிக்குக்கு வந்துடுங்க. ரெண்டு பேசிக் ஆடிட்டு அடுத்த பார்ல வரிசையை விட்ட இடத்துல இருந்து தொடருங்க. நடுவர் கையில உங்க வரிசை இல்ல, மாறினது தெரியாது. முகம் மாறினாத்தான் தெரியும்.

பொறுப்பு மேடம் (8:05)
நாளை 5:30, ஹால். ஐடி கார்டு கழுத்துல மாட்டிக்கிட்டு யாரும் ஆட வேண்டாம், ஹோல்ட்ல ரெண்டு கயிறும் பின்னிக்கும். மோதிரம், பெரிய பக்கிள் வச்ச பெல்ட் கழட்டிடுங்க. தரை வரைக்கும் வர்ற உடுப்பு வேண்டாம், பின்னாடி அடி வைக்கிறப்போ குதிகால் அதுல மாட்டும்.

லேப் அண்ணா (8:06)
ஐடி கார்டை எங்க வைக்கறது மேடம், வாசல்ல கேட்பாங்களே?

பொறுப்பு மேடம் (8:06)
பாக்கெட்ல வைங்க சார்.