தாய்லாந்தின் பட்டாயா ஊரை ஓட்டுவது விபச்சாரத் தொழில்தானா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை டிராவல்ஸ்:

கோவையில் சின்னதாக டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். வருமானத்தில் பெரும்பங்கு டீலர் டூர்தான். சிமென்ட், பெயின்ட், டைல்ஸ், மோட்டார் பம்ப் என்று ஏதாவது ஒரு கம்பெனி, டார்கெட் முடித்த கடைக்காரர்களை பாங்காக், பட்டாயா என்று நாலு ராத்திரிக்கு அனுப்பும். நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் ஆண்கள். பகலில் கோரல் ஐலண்ட், நோங் நூச் தோட்டம், சாயங்காலம் அல்காசர் ஷோ, அதற்கப்புறம் 'ஃப்ரீ டைம்'. அந்த ஃப்ரீ டைமில் என்ன நடக்கிறது என்று கம்பெனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஓரளவு தெரியும். பட்டாயா போய் வந்தேன் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி சிரிப்பார்.

இப்போது ஒரு கம்பெனி டீலர்களைக் குடும்பத்தோடு கூட்டிப்போகச் சொல்கிறது, அதே பட்டாயாவுக்கு. ரூம் விலை கட்டுப்படியாகிறதாம், அதனால் ஊரை மாற்ற மாட்டார்களாம். அங்கேதான் எனக்கு சந்தேகம் வந்தது. நல்ல ஹோட்டல் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே அந்தத் தொழிலால்தானா? அது இல்லாவிட்டால் ஊர் படுத்துவிடுமா, இல்லை இன்னும் நன்றாக வருமா? அந்த நாட்டு அமைச்சர்கள் அவ்வப்போது ஒழிக்கப்போகிறோம் என்று பேட்டி கொடுக்கிறார்கள், பிறகு 2023 டிசம்பரில் பார்களை விடிகாலை 4 மணி வரை திறக்க அவர்களே அனுமதி தருகிறார்கள். ஒழுக்க உபதேசம் வேண்டாம். அங்கே பணம் எப்படி ஓடுகிறது என்று இருந்து பார்த்தவர்கள் சொன்னால் போதும்.

லேம் சபாங் கப்பல்:

பட்டாயாவுக்கு வடக்கே ஸ்ரீராச்சாவில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை ஆனால் பட்டாயாதான், மளிகைக்கும் இந்தியச் சாப்பாட்டுக்கும் (நம்புகிறவர்கள் நம்புங்கள்).

முதலில் ஒரு விஷயம். அந்த ஊரில் தொழில் வந்து சுற்றுலாவில் ஒட்டிக்கொள்ளவில்லை, இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவை. அது மீன்பிடி கிராமம். 1959இல் கோராட் நகரிலிருந்து அமெரிக்க சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்தார்கள் என்று ஊரில் கதையாகவே சொல்வார்கள். 1967இல் வியட்நாம் போர்ச் சிப்பாய்களின் ஓய்வு விடுமுறைக்காக தாய் அரசும் அமெரிக்க ராணுவமும் ஒப்பந்தம் போட்டன. பக்கத்திலேயே ஊ-தபாவ் விமானதளம், பி-52 குண்டு விமானங்கள் கிளம்பிய இடம். 1976இல் அமெரிக்கப் படை போய்விட்டது. ஆனால் கட்டிய ரூம்களும் பார்களும் அப்படியே நின்றன, அவற்றை நிரப்ப ஆள் வேண்டும், ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வளைகுடாவின் எதிர்க்கரையில் ஹுவா ஹின் இருக்கிறது, அதே கடல், அதே வெயில். அங்கே முதலில் போனது ரயிலும் அரச குடும்பத்து மாளிகையும். இன்றைக்கும் பாங்காக் குடும்பங்கள் பாட்டி தாத்தாவோடு போகிற ஊர் அது.

இனி பணம். சட்டப்படி அங்கே விபச்சாரம் குற்றம், 1960இல் ஒரு சட்டம், அதை மாற்றி 1996இல் இன்னொன்று. ஆனால் நடுவில் 1966இல் கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் வந்தது, எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் நடக்கிறது. பார் விற்பது பீர் மட்டும். பெண்ணுக்கு நீங்கள் வாங்கித் தரும் 'லேடி டிரிங்க்' கொஞ்சம் விலை கூட, அதில் அவளுக்குப் பங்கு. அவளை வெளியே கூட்டிப்போக பாருக்கு 'பார் ஃபைன்' கட்ட வேண்டும், வேலை நேரத்தில் ஆள் போனதற்கு ஈடு என்று கணக்கு. மீதி அவர்கள் இருவருக்கும் நடுவில், பார் எதையும் பார்க்கவில்லை.

அந்த மீதி எங்கே போகிறது என்று பார்த்தால்தான் ஊர் புரியும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சோய்க்குள் (சந்து மாதிரி) போங்கள். பார் இன்னும் திறந்திருக்காது. தள்ளுவண்டியில் பப்பாளிக்காய் சாலட் இடித்துக் கொடுக்கிற அம்மா, ஈசான்காரி. சாப்பிடும் பெண்களும் அநேகமாக வடகிழக்கு ஈசான் பகுதியிலிருந்து வந்தவர்கள், லாவோஸ் மாதிரி பேச்சு. பக்கத்தில் தலைமுடி அலங்காரம் செய்கிற கடை, சலவைக் கடை, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்சிக்காரர்கள், மருந்துக்கடை, மாத வாடகை ரூம், மூலையில் சிவப்புப் பலகை போட்ட நகைக்கடை. சீசனில் அரை பாட் செயின் வாங்குவார்கள், மழைக்காலத்தில் அதே செயினை அடகுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு பாட் தங்கம் என்றால் 15 கிராம் சொச்சம், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு பவுன். மிச்சம் ஊரில் அம்மாவிடம் வளரும் பிள்ளைக்குப் போகும். ஈசானில் நெல் வயலுக்கு நடுவில் திடீரென்று ஒரு டைல்ஸ் போட்ட வீடு தெரிந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று கிராமத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு: ஆமாம், ரூம் மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். தனியாக வரும் ஆண்கள் மழைக்காலத்திலும் வருவார்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள், அவர்களுக்குக் கடல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படி ஆள் இருந்தால் ஊரில் ஹோட்டல் கட்டிக்கொண்டே போவார்கள், போட்டியில் விலை ஏறாது.

கடலூர்க்காரி:

உபதேசம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், நல்லது, நான் கணக்கே சொல்கிறேன்.

நாங்கள் குடும்பமாகப் போனோம், மாமியார், இரண்டு பிள்ளைகள். கடற்கரைச் சாலைக்கு ஒரு சந்து தள்ளி ஹோட்டல், போட்டோவில் நீச்சல்குளம் அழகாக இருந்தது. ரிசப்ஷனில் விலைப் பட்டியலுக்குக் கீழே 'ஜாய்னர் ஃபீ' என்று எழுதி ஒரு தொகை. ராத்திரி கூட வரும் ஆளுக்குக் கட்டணம், அவளுடைய அடையாள அட்டையை மேசையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், காலையில் வாங்கிக்கொள்ளலாம். காலை டிபனுக்கு இறங்கினால் அந்த மேசையில் அட்டைகள் அடுக்கி வைத்திருக்கும். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, அது என்னம்மா என்று கேட்டாள். லைப்ரரி கார்டு மாதிரி என்று ஏதோ உளறி வைத்தேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் தென்னை மரத்துக்குக் கீழே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். யாரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை, உண்மையைச் சொன்னால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டைவிட அங்கே நான் பயமில்லாமல் நடந்தேன். ஆனால் மறுபடி போவேனா? மாட்டேன். என் மாமியார் சொந்தத்தில் யாரையும் போக விடமாட்டார். மேலே அண்ணன் சொன்ன சலவைக்கடை, நகைக்கடை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வரவு. வராமல் போன குடும்பம் எந்த நோட்டில் எழுதப்படும்? ஒரு குடும்பம் நாலு டிக்கெட், மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு மீன் காட்சியகம், பெரியவர்களுக்கு மசாஜ் (நிஜ மசாஜ்) என்று செலவழிக்கும். அது ஹுவா ஹின்னுக்கோ தெற்கே கிராபி கடற்கரைக்கோ போய்விடுகிறது.

வட்டிக்கடை:

என் பெரியப்பா டீலர் டூர் போய் வந்து புத்தர் சிலை போட்டோ மட்டும் நூற்றைம்பது காட்டினார். அவ்வளவு பக்தி அவருக்கு இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

பழைய கணக்கர்:

சிரித்தது போதும், ஒரு கசப்பான பக்கம் விட்டுப்போகிறது.

அந்தத் தொழிலால் தாய்லாந்துக்கு இத்தனை கோடி டாலர், நாட்டு வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று நெட்டில் சுற்றுகிற எண்களை நம்பாதீர்கள். சட்டத்துக்கு வெளியே நடப்பதற்கு யார் ரசீது போட்டார்கள்? ஊகத்தை ஊகத்தால் பெருக்கி வந்த எண்கள் அவை. ரசீது இல்லை என்பதுதான் விஷயமே. பார் லைசென்ஸுக்கும் பீருக்கும் வரி போகும், பெரிய தொகை போகாது. அதற்குப் பதிலாக மாமூல் போகும், போலீஸுக்கும் இன்னும் யார் யாருக்கோ. ரெய்டு என்று டிவியில் காட்டுகிற நாளில் ரோட்டில் நின்ற பெண்ணுக்கு அபராதம், பார் முதலாளி வீட்டில் தூங்குவார். 1996 சட்டத்தில் வயது வந்த பெண்ணிடம் போகும் வாடிக்கையாளருக்குத் தண்டனை கிடையாது. பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறை, அதில் மட்டும் சட்டம் தெளிவு.

கொரோனாவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2019இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் கிட்டத்தட்ட 4 கோடி. 2020இல் 67 லட்சம், 2021இல் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம். பட்டாயாவில் பார்கள் நிறைந்த வாக்கிங் ஸ்ட்ரீட்டில் பாதிக்கடை பலகை அடித்துக் கிடந்தது. ஹோட்டல் ஊழியருக்கு சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து ஏதோ கிடைத்தது. பாரில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் ஊழியர் பட்டியலிலேயே இல்லை, எந்த நிதி? 2021இல் அவர்கள் பாங்காக்கில் அரசு மாளிகை முன்னால் குதிகால் உயர்ந்த செருப்புகளை வரிசையாக வைத்து நிவாரணம் கேட்டுப் போராட்டம் செய்தார்கள். ஊருக்கு வருமானம் தரும்போது தெரிகிற ஆள், உதவி கேட்கும்போது தெரிய மாட்டாள்.

இன்னொன்று, எண்பதுகளின் கடைசி. 1987ஐ 'தாய்லாந்துக்கு வாருங்கள்' ஆண்டு என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள், எய்ட்ஸ் பற்றி உரக்கப் பேசினால் பயணிகள் ஓடிவிடுவார்கள் என்று அரசு அடக்கி வாசித்தது. அந்த இடைவெளியில் நோய் பரவிவிட்டது. கடைசியில் 1991இல் ஆணுறைப் பிரசாரத்துக்குப் பெயர்போன மெச்சாய் வீரவைத்யாவை அமைச்சரவையில் சேர்த்து, எல்லா விபச்சார விடுதியிலும் ஆணுறை கட்டாயம் என்று திட்டம் போட்டார்கள், வேலை செய்தது, புதுத் தொற்று பெரிய அளவில் குறைந்தது. ஆனால் கவனியுங்கள், அதைச் செய்ய முடிந்ததே அந்தத் தொழில் நடக்கிறது என்று அரசு வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான். அதுவரை சுற்றுலாவைக் காப்பாற்றுகிறோம் என்று மூடி வைத்ததால் சுற்றுலாவும் கெட்டது, மக்களும் செத்தார்கள்.

கோவை டிராவல்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. கடலூர் மேடம், அந்த அட்டை விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் டிபனுக்கு இறங்கும் பிள்ளை கண்ணில் படும் என்று யோசித்ததில்லை. சரி, ஒரு பேச்சுக்கு, நாளைக்கே அரசு எல்லா பாரையும் மூடிவிட்டது என்று வையுங்கள். பட்டாயா என்ன ஆகும்?

லேம் சபாங் கப்பல்:

மூட மாட்டார்கள், அது தனி. 2016இல் சுற்றுலா அமைச்சராக இருந்த கோப்கார்ன் அம்மையார் பாலியல் தொழிலே இல்லாத தாய்லாந்து வேண்டும் என்று சொன்னார். அடுத்த வருடம் பட்டாயாவில் 'ஹாப்பி ஸோன்' என்று வாக்கிங் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர்தான் மாறியது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் மூடியிருந்தால் ஊர் படுத்திருக்கும், இப்போது மூடினால் படுக்காது. கடற்கரைச் சாலையிலேயே 2009இல் பெரிய மால் வந்தாயிற்று, பாங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வார இறுதிக் கூட்டம் வருகிறது, நம் ஆட்கள் கல்யாணமே அங்கே வைத்துக்கொள்கிறார்கள். ரஷ்யர்களும் சீனர்களும் வீடு வாங்கினார்கள். அடிபடுவது சின்ன சோய்தான், பப்பாளிக்காய் இடிக்கிற அம்மாவும் மாத வாடகை ரூமும். அந்தப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போகலாமே என்பார்கள், நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலிக்கு என்ன கொடுத்தோம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பேச்சில் நான் சேர்வதில்லை.

குடும்பக் கூட்டம் வந்தால் பணம் சுத்தமாக ஊரிலேயே தங்கும் என்றும் நினைக்க வேண்டாம். சீனாவிலிருந்து அடிமாட்டு விலைக்கு பஸ் பஸ்ஸாகக் கூட்டி வந்து, குறிப்பிட்ட ஜெம்ஸ் கடை, லெதர் கடை, மெத்தைக் கடை என்று இறக்கி அங்கே கமிஷன் அடித்தார்கள். 2016இல் அரசு அந்தக் கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. அதில் ஏமாந்தவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள்தான்.

பழைய கணக்கர்:

இதை டிராவல்ஸ் அண்ணன் கவனிக்க வேண்டும். உங்கள் பேக்கேஜ் மலிவாக இருப்பதற்கு ரூம் விலை பாதிக் காரணம், மீதி உங்கள் லோக்கல் கைடு. அவருக்கு நீங்கள் கொடுக்கும் நாள்கூலி என்ன? ஷோ டிக்கெட், ஃப்ரீ டைமில் கொண்டுபோய் விடுகிற பார், மசாஜ் கடை, இவற்றில் வரும் கமிஷனை நம்பித்தான் அவர் அந்தக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறார். குடும்ப டூரில் பார் கமிஷன் கிடையாது. கூலியை ஏற்றாவிட்டால் அவர் உங்கள் ஆட்களை ஜெம்ஸ் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்.

கடலூர்க்காரி:

ஹோட்டலை ஊருக்கு வடக்கே நக்லுவா பக்கம் வோங் அமாட் கடற்கரையிலோ, ஜோம்தியன் தாண்டித் தெற்கேயோ போடுங்கள். விலை கொஞ்சம் கூட இருக்கும். புக் செய்யும் முன்னால் ஜாய்னர் ஃபீ உண்டா என்று போனில் கேளுங்கள், உண்டு என்றால் அந்த ஹோட்டல் வேண்டாம்.

கோவை டிராவல்ஸ்:

கைடு கூலி விஷயம் நூற்றுக்கு நூறு. அங்கே இருக்கும் ஏஜெண்டிடம் கேட்டேன், கமிஷன் கடை எதுவும் இல்லாமல் போட்டால் தலைக்கு எவ்வளவு கூடும் என்று. அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். விலை வந்ததும் இங்கே போடுகிறேன், கம்பெனி ஒத்துக்கொள்கிறதா பார்ப்போம்.