சாசன இயக்கத்தைப் பிளந்தது ஆயுதம் பற்றிய தகராறுதானா?

கேள்வி – வரலாற்று மாணவன்
பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய சாசன இயக்கத்தைப் (Chartism) பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதன் தலைவர்களில் வில்லியம் லவெட்டை அறவழிக்கும் ஃபியர்கஸ் ஓ'கானரை ஆயுத வழிக்கும் உரியவர்களாக நிறுத்துகிறார்கள். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு உள்ளிட்ட, ‘சாசனம்’ எனப்பட்ட ஆவணத்தின் ஆறு கோரிக்கைகளிலும் இருவரும் ஒத்திருந்தபோது, வழிமுறை மட்டுமா அவர்களைப் பிரித்தது?

பதில் – பழைய நூலகர்
பாடநூலுக்கு வசதியான பிரிவினை அது. 1839-இல் சுமார் 12.8 லட்சம் கையொப்பங்களுடன் அக்கோரிக்கைகளை வலியுறுத்திச் சென்ற மனுவை நாடாளுமன்றம் 235-க்கு 46 என்ற வாக்குகளில் தள்ளிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இயக்கத்தின் பேராளர் மாநாடு திணறியது. ‘புனித மாதம்’ என்ற பெயரில் ஆகஸ்ட் 12 முதல் ஒரு மாதம் வேலைநிறுத்தம் என்று தீர்மானித்தவர்கள், அத்தனை நாள் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிவது எப்படி என்ற கேள்விக்கு விடை காணாமல் அதைக் கைவிட்டார்கள். ஆயுத வழிக்காரர் எனப்படும் ஓ'கானரே அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். அறவழிக்காரரான லவெட்டோ, பர்மிங்காமில் மக்கள் கூட்டத்தைக் காவலர்கள் தாக்கியதைக் கண்டிக்கும் தீர்மானத்தில் கையொப்பமிட்டு ஓராண்டுச் சிறை சென்றார்.

பதில் – தறிக்காரன்
ஐயா சொல்வது சரிதான். ஆனால் வேறுபாடு வெறும் பேச்சளவில் நின்றுவிடவில்லை. ‘இயன்றால் அமைதியாக, இல்லையேல் வலிமையால்’ என்ற முழக்கத்தை அரசை அச்சுறுத்தும் உத்தியாகவே பல தலைவர்கள் கையாண்டிருக்கலாம். கேட்டவர்கள் எல்லாரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, வேல்ஸின் நியூபோர்ட்டில் சாசன இயக்கத்தவரான ஜான் ஃபிராஸ்ட் தலைமையில் ஆயிரக்கணக்கான சுரங்க, இரும்பாலைத் தொழிலாளர்கள் வெஸ்ட்கேட் விடுதியின் முன் திரண்டபோது, படையினர் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஃபிராஸ்ட்டுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

பதில் – பழைய நூலகர்
நியூபோர்ட்டை மறுக்கவில்லை. ஆனால் லவெட்டும் ஓ'கானரும் முறித்துக்கொண்டது அதனால் அன்று. சிறையிலிருந்து வந்த லவெட் பள்ளிகளும் நூலகங்களும் அமைத்துத் தொழிலாளரைக் கல்வியால் உயர்த்தும் திட்டத்தை முன்வைத்தார். 1841-இல் ஓ'கானர் தம் ‘நார்தர்ன் ஸ்டார்’ இதழில் அதைக் கடுமையாகத் தாக்கினார். வாக்குரிமைக்கு முன்பே தகுதியை மெய்ப்பிக்க வேண்டுமென்றால், தகுதியில்லை என்ற ஆளுவோரின் வாதத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் நியாயமானது. அதை வெளியிட்ட முறைதான் நியாயமற்றது. வியப்பு என்னவென்றால், 1842 டிசம்பரில் நடுத்தர வர்க்கச் சீர்திருத்தவாதிகள் ‘சாசனம்’ என்ற பெயரையே விடச் சொன்னபோது, அதற்கெதிராக லவெட் முன்மொழிந்த தீர்மானத்தை ஓ'கானர்தான் வழிமொழிந்தார். அதற்குப் பிறகும் இருவரும் ஒன்று சேரவில்லை.