மியாட்டாவில் நீங்களே பார்த்த வேலைகள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி, 1992 மியாட்டா, 1.6 எஞ்சின்

நானே ஆரம்பிக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் சிவப்பு மியாட்டா ஒன்றை வாங்கினேன், மாஸ்டாவின் இரண்டு சீட் திறந்த கார். அப்போதே 1,18,000 மைல் ஓடியிருந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் மாஸ்டா முதன்முதலாகக் காட்டிய அதே உருவம், மேலே எழும்பி மூடும் ஹெட்லைட்டோடு. 116 குதிரைத்திறன்தான். ஆனால் எடையும் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இதை உருவாக்கிய குழுவை நடத்திய தோஷிஹிகோ ஹிராய் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று அர்த்தம். வளைவான ரோட்டில் ஒருமுறை ஓட்டினால் அது விளங்கிவிடும். ஓட்டிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். இன்று அதன் அடியில் படுத்துக் கிடந்த கதை.

வாங்கி இரண்டு மாதம் இருக்கும். சிக்னலில் நின்றால் ஆயில் கருகும் வாசனை வர ஆரம்பித்தது. காலையில் காரை எடுத்தால் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. பக்கத்து ஊரில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, ரியர் மெயின் சீல் (எஞ்சினின் பின்முனையில் கிராங்கைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்குவதோடு கிளட்சையும் மாற்றிவிடலாம், 1,400 டாலர் ஆகும் என்றார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஆயிலைப் பார்த்தால் பெரும்பாலான கார்களில் அதுதான் காரணம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பானெட்டைத் திறந்து, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஈரம். ஈரம் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் கீழேதான் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அப்படியானால் கசியும் இடம், நமக்குக் கறை தெரியும் இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மறுநாள் டீகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விட்டேன். அப்புறம் வீட்டில் இருந்த டால்கம் பவுடரை எஞ்சினின் பின்பக்கம் முழுக்க ஊதிவிட்டேன். வால்வு கவரின் பின் ஓரம், ஹெட், கீழே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் எல்லாம் வெள்ளை. இருபது மைல் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் கண்ணாடியை விட்டேன்.

பவுடர் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அது சிலிண்டர் ஹெட்டின் பின்னால் செருகியிருக்கும் கேம் ஆங்கிள் சென்சாருக்குக் கீழே தொடங்கி, ஹெட்டை ஒட்டியே இறங்கி, பெல் ஹவுசிங் மேல் போய் முடிந்தது. கராஜில் பார்த்தது அந்தக் கோட்டின் கடைசி முனையை.

அந்த சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 நம்பர் போல்ட். ஆனால் எஞ்சினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவில் கை நுழையவே இடம் போதாது. கண்ணால் பார்த்துக் கழற்ற முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு கீறிவிடுங்கள். இந்த எஞ்சினில் சென்சாரை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பி வைக்கிறோமோ அதுதான் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் எப்போது விழுகிறது என்பது. கோடு இல்லாமல் கழற்றினால் பழைய இடம் தெரியாமல் போய்விடும். உள்ளே போகும் முனையில் இருக்கும் காடி ஒரே வாட்டத்தில்தான் பொருந்தும், அதனால் தலைகீழாக மாட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

சென்சாரை வெளியே எடுத்ததும், ஆயில் கசியாமல் அதைச் சுற்றி அடைக்கும் ஓ-ரிங்கைப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர், வெளிப்பக்கம் தட்டையாகி பிளாஸ்டிக் வளையல் போல இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன், இரண்டாக உடைந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சூட்டில் வெந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும்? புதியது சில டாலர்தான். ஆயில் தடவி மாட்டி, கோட்டுக்குக் கோடு சேர்த்து முறுக்கினேன்.

டைமிங்கைச் சரிபார்க்காமல் விட மனமில்லை. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டைமிங் லைட்டின் ஒயர் அங்கிருந்து எஞ்சின் வரை எட்டாது. பக்கத்தில் என் இன்னொரு காரான கேம்ரியை நிறுத்தி அதன் பேட்டரியில் கிளிப்பை மாட்டினேன். டயக்னாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் எந்தத் துளை எது என்று அச்சடித்திருக்கும். TEN, GND என்று எழுதிய துளைகள் இரண்டையும் சின்ன ஒயரால் இணைத்தால் கம்ப்யூட்டர் தன் திருத்தத்தை நிறுத்திக்கொள்ளும். அப்போது 10 டிகிரி காட்ட வேண்டும், காட்டியது. பலர் 14 வரை தள்ளி வைப்பார்கள், கீழ் வேகத்தில் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வைத்தால் உயர் ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும், நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். நான் 10-லேயே விட்டுவிட்டேன்.

இது நடந்த சமயத்தில் ஒரு கோய்லோவர் செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) ஆர்டர் போடும் நிலையில் இருந்தேன். அதை நிறுத்தி வைத்தேன். கார் முதலில் மாஸ்டா செய்த மாதிரி ஓடட்டும், அதற்கு மேல் நான் என்ன சேர்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும் என்று தோன்றியது. அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு, எல்லா ஆயிலும் ஃப்ளூயிடும், நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட். முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் என்பதால் கேம்பரை, அதாவது சக்கரம் சாயும் கோணத்தை, எல்லாச் சக்கரத்திலும் மாற்றலாம். ஆனால் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடும் ஊர்க் காரில், அதற்காகத் திருப்ப வேண்டிய எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அலைன்மென்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ராத்திரி பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வாருங்கள். எனக்கு எட்டில் ஏழு அசைந்தது. எட்டாவதோடு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

ஸ்பிரிங்கை மட்டும் வெட்டியோ மாற்றியோ காரை இறக்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல ஆசை. இந்தக் காரில் சஸ்பென்ஷன் ஆடும் தூரமே குறைவு. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (ஆட்டத்தின் எல்லையில் இருக்கும் தடுப்பில்) போய் இடிக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வளைவில் பிடிப்பே போய்விடும்.

லண்டன், 1991 யூனோஸ் ரோட்ஸ்டர்

என்னுடையது ஜப்பானிலிருந்து இறக்குமதியானது. அங்கே மியாட்டா என்ற பெயர் கிடையாது, யூனோஸ் ரோட்ஸ்டர். எஞ்சினில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என் சண்டை எல்லாம் தண்ணீரோடு.

ஒரு மழைக்குப் பிறகு கதவை மூடும்போது சில்லுக்குள் (கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற தகட்டுப் பகுதி) தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது, குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். மேல் துணிக்கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளை வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். அந்தத் துளை இலையும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தது. வழியில்லாத தண்ணீர் உள்ளேயே தேங்கி, சில்லை உள்ளிருந்தே தின்றுவிட்டது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. பின் சக்கரத்தின் முன்னால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினேன், 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்றது. இங்கே வருடாந்திர வாகனச் சோதனையான எம்ஓடியில் ஃபெயில். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு தின்றிருந்தால் இங்கே பாஸ் கிடையாது, மேலே ஃபில்லர் பூசி மறைப்பதும் செல்லாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தாக வேண்டும். வெல்டிங் எனக்குத் தெரியாது, அதை மட்டும் வெளியே கொடுத்தேன்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை வடிகாலைச் சுத்தம் செய்கிறேன். கம்பி விடாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் குத்திவிடும். ஜன்னல் திரைக்குப் போடும் உறை போட்ட ஸ்பிரிங் ஒயர் இருக்கிறதே, அது வளைந்து கொடுத்துப் போகும். விட்டு எடுத்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வர வேண்டும்.

மெல்போர்ன், 1994, 1.8

ஒரு நாள் காலை கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. ரிவர்ஸ் விழவில்லை. ஃப்ளூயிட் டப்பாவில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் கருப்புக் காப்பி மாதிரி. காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒதுக்கியதும் உள்ளேயிருந்து ஃப்ளூயிட் கொட்டியது. இந்தக் காரில் ஸ்லேவ் போவது சகஜம். ஒன்று போனால் மேலே பெடலோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரும் பின்னாலேயே போகும் என்று கேள்விப்பட்டு இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க ஆள் வேண்டுமே. பதினோரு வயது மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, முதுகுக்குத் தலையணை.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேன்ப்பா."

"அப்படியே பிடி. காலை எடுக்காதே."

கீழே ஸ்லேவில் உள்ள நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். "இப்ப விடு." நாற்பது தடவையாவது இருக்கும். முதல் இருபதில் பெடல் தானாக மேலே வராது, ஒவ்வொரு முறையும் அவளே குனிந்து கையால் தூக்கிவிட்டாள். குழாயில் குமிழி நின்று, தேன் நிறத்தில் புது ஃப்ளூயிட் வந்த பிறகு, மேலேயிருந்து குரல். "அப்பா, இப்ப அது என்னைத் திருப்பித் தள்ளுது!" அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று அர்த்தம். ஃப்ளூயிட் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

கோடையில் கியர் லிவரைச் சுற்றி அனல் அடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கும். கேபினுக்குள் உட்கார்ந்தே மாற்றலாம். மாற்றும்போது லிவர் இறங்கும் குழியில் கியர் ஆயில் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள், அதை ஊற்றியதும்தான் என் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

கலிபோர்னியா, 1990, 1.6

கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றினேன், 60,000 மைலுக்கு ஒருமுறை என்ற கணக்கில். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அதனால்தான் துணிந்து கை வைத்தேன். வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் எல்லாம் அதே இடத்தில் இருப்பதால் கூடவே மாற்றிவிடுங்கள். இரண்டு கேம் கியரிலும் ஆங்கிலத்தில் I, E என்று பொறித்த குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் பெல்ட்டில் 19 பல் வர வேண்டும். நான் மூன்று முறை எண்ணினேன், என் மனைவி ஒருமுறை எண்ணினாள்.

இதைவிட முக்கியமானது கிராங்க் போல்ட். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்கின் முன் முனை குட்டையானது. போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டால் அதன் மேல் உள்ள பெல்ட் கியர் லேசாக ஆட ஆரம்பித்து, அதைப் பிடித்திருக்கும் சின்ன இரும்புச் சாவியும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்துபோகும். கிராங்க் தேய்ந்தால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். குட்டை முனைக்கு 80 முதல் 87 பவுண்டு-அடி. பிறகு வந்த நீள முனைக்கு 116 முதல் 123. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். எந்த முனை என்று தெரிய வருடத்தை நம்ப வேண்டாம், கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள பள்ளங்களை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம்.

வட கரோலினா, இன்னும் கார் இல்லை

நேற்று ஒரு 1991 பார்க்கப் போனேன். மேலே எழுதியதையெல்லாம் போனில் வைத்துக்கொண்டு போனேன். சில்லை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தேன், 'டங்'. இடது வடிகால் அடைத்திருந்தது, ஆனால் உள்ளே தண்ணீர் இல்லை. கிளட்ச் திருப்பித் தள்ளியது. டார்ச்சையும் கண்ணாடியையும் பிடித்து புல்லியை எண்ணினேன், எட்டு.

எஞ்சினுக்குப் பின்னால் ஆயில் ஈரம் இருந்தது. விற்பவர் தானாகவே, "ரியர் மெயின் சீல்னு மெக்கானிக் சொன்னார், அதுக்காக 800 டாலர் குறைச்சுக்கிறேன்" என்றார். பவுடர் போட்டுப் பார்க்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது, நிஜமாகவே சீலாகவும் இருக்கலாம். நியூ ஜெர்சிக்காரருக்கு அது ஓ-ரிங்காக முடிந்த கதையை அவரிடம் சொன்னேன். போனை வாங்கி முழுவதையும் படித்துவிட்டு, 400 குறைத்தால் போதுமா என்று கேட்டார். சரி என்று கை கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை எடுத்து வருகிறேன். ஓ-ரிங்குக்கு ஆர்டர் போட்டாயிற்று. பவுடர் வீட்டில் இருக்கிறது.