காட்டெருமையை நடக்கவைக்க வேலையை விடணுமா?

இலைக்கூடை (கோத்தகிரி):
எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. ராத்திரியில் கார்ட்டூன் வரைந்து, ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுத்து மடித்து, பெயர் போடாமல் டீக்கடைகளில் வைத்துவிட்டு வருவேன். நாயகன் ஒரு காட்டெருமை. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, நம் மாவட்டத்து டிஎன் 43 நம்பர் பிளேட் இல்லாமல் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டு, "நான் உள்ளூருங்க" என்று கெஞ்சினான். போன இதழில் பச்சைத் தேயிலை விலையைக் கிண்டல் செய்தேன். யார் வரைந்தது என்று ஒரு இலை ஏஜென்ட் கடை கடையாக விசாரித்தாராம். சந்தோஷமாக இருந்தது!

இப்போது இவனை நடக்கவைத்துப் பார்க்க ஆசை. அனிமேஷன் படிக்கவில்லை. அமெரிக்காவில் பில் பிளிம்ப்டன் பத்திரிகை கார்ட்டூனிலிருந்து வந்து, தனியாளாகப் படம் எடுத்தவர் என்கிறார்கள். நமக்கெல்லாம் அது நடக்குமா?

குன்னூர் அக்கா:
தம்பி, முதலில் வேலையை விடாதீர்கள். சென்னை ஸ்டுடியோவில் அடுத்தவர் வரைந்த பொம்மைக்கு இன்பிட்வீன் (இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவில் வரும் அசைவு ஓவியங்கள்) போட்டே கை தேய்ந்தவள் சொல்கிறேன்.

பிளிம்ப்டன் எழுபதுகளில் நியூயார்க் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு கார்ட்டூன் ஸ்ட்ரிப் வரைந்துகொண்டிருந்தார். 'யுவர் ஃபேஸ்' 1987இல் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படத்தில் என்ன இருக்கிறது? ஒரு ஆள் உட்கார்ந்து பாடுகிறான், முகம் மட்டும் கோணி, உருகி, சுருண்டு என்னென்னவோ ஆகிறது. மூன்று நிமிடம்தான். பாடியது மாரீன் மெக்எல்ஹெரன் என்ற பெண். வேகத்தைக் குறைத்து ஆண்குரலாக்கிவிட்டார்கள். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை!

அப்புறம் 1992இல் 'தி டியூன்', முழுநீளப் படம். எடுத்து முடிக்கும் முன்பே அதிலிருந்து துண்டுகளைக் குறும்படங்களாக வெளியே விட்டார். அதில் ஒன்று 1991இல் கான் விழாவில் பரிசும் வாங்கியது. அவரிடம் திருட வேண்டியது இந்தப் புத்தியைத்தான். அவருடைய நீளப் படங்கள் எனக்கு இழுவை. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மனிதர் புலி.

கணக்கு இதுதான். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஓவியத்தை நான்கு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு ஆறு ஓவியம், நிமிடத்துக்கு 360. கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் ஓடும். உங்கள் எருமைக்கு அது பொருந்தும்.

நம் ஊரில் பெரிய வில்லன் மேகம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி ஓவியங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தால், மேகம் ஏறி இறங்க ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு நிறத்தில் வரும். ஓட்டிப் பார்த்தால் டியூப்லைட் மாதிரி மினுக்கும். திரையை இழுத்துவிட்டு ஒரே எல்இடி பல்பு போதும். போனில் எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள், வெளிச்ச அளவை அது தானாக மாற்றாது. ஐப்பசி மழையில் தாள் ஈரத்தை இழுத்து நெளியும், தாள்களை ஒரே இடத்தில் அடுக்கப் போடும் பஞ்ச் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேராது, சும்மா நிற்கிற எருமைக்கும் குளிர்ஜுரம் வந்துவிடும். தாளை மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் வையுங்கள்.

கொடை_மட்டக்குதிரை:
இவ்வளவு பாடு எதற்கு? ஒரு டேப்லெட் வாங்கினால் முடிந்தது. வரைந்து அனிமேஷன் செய்யும் சாஃப்ட்வேர் கிரிட்டா இலவசம். ஓபன்டூன்ஸ் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரும் 2016லிருந்து இலவசம்தான்.

குன்னூர் அக்கா:
டேப்லெட் இலவசமா, தம்பி? இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஜெராக்ஸில் வரும் அந்தக் கரகர கோடு போய்விட்டால் ஏஜென்ட்டுக்கே அடையாளம் தெரியாது.

இலைக்கூடை:
டேப்லெட்டுக்கு இப்போதைக்கு வழியில்லை. செக்போஸ்ட் காட்சியை மட்டும் ஒரு நிமிடத்துக்கு எடுக்கிறேன். தாள் வாங்கியாச்சு. காட்டெருமைக்கு யார் குரல் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

கொடை_மட்டக்குதிரை:
என் மச்சானின் குறட்டையை ரெக்கார்ட் செய்து அனுப்புகிறேன். வேகத்தைக் குறைக்கவே வேண்டாம்.