ஆக்‌ஷன் பில்டரில நேரக்கணக்கு குழம்புது, ஒருக்கா பாருங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில ஒரு சின்ன ஒபிஸில ஏஎஸ்பி டொட் நெட் கோர் எம்விசியில (வெப்சைட் செய்யிற மைக்ரோசொப்ட் ஃபிரேம்வேர்க்) வேலை செய்யிறன். ஒவ்வொரு ஆக்‌ஷனும் (ரிக்வெஸ்டுக்குப் பதில் குடுக்கிற மெதட்) எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு லொக் பண்ண ஒரு அட்ரிபியூட் பில்டர், அதாவது மெதட்டுக்கு மேல ஒட்டினா அதுக்கு முன்னும் பின்னும் ஓடுற கோட், எழுதினன். ஆக்‌ஷனுக்கு முதல் ஸ்டொப்வோட்ச்சைத் தொடங்கி, முடிய நிப்பாட்டுறன். அந்த ஸ்டொப்வோட்ச் பில்டர் கிளாஸின்ர ஃபீல்டில கிடக்குது. தனிய ஓட்டிப் பார்த்தா எல்லாம் சரி. காலமை பத்துப் பேர் ஒண்டா உள்ள வந்தா, 40 மில்லிசெக்கன் வேலைக்கு 3 செக்கன் எண்டு காட்டுது!

எம்விசி ஒரே பில்டர் ஒப்ஜெக்டை, அதுக்குள்ள இருக்கிற ஸ்டொப்வோட்ச்சோட, எல்லா ரிக்வெஸ்டுக்கும் திருப்பிப் பாவிக்குதெண்டு ரெண்டு நாள் மண்டையை உடைச்ச பிறகுதான் விளங்கிச்சு. இப்ப அசிங்க் பில்டரா மாத்தி, ஸ்டொப்வோட்ச்சை லோக்கல் வேரியபிளா வச்சு, நடுவில ஆக்‌ஷனை ஓட விடுற நெக்ஸ்டை அவெய்ட் பண்ண யோசிக்கிறன். சரிதானே?

லொக் எழுதுற லொக்கரையும் பில்டரின்ர கன்ஸ்ட்ரக்டரால எடுக்கவேணும். வெறும் அட்ரிபியூட்டில அது சரிவராது. அதுக்கு, பில்டருக்கு லொக்கரைக் குடுத்து உருவாக்கிற சேர்விஸ்பில்டரா, டைப்பில்டரா நல்லம்? சேர்விஸ்பில்டரெண்டா பில்டரை முதலே சேர்விஸ் லிஸ்டில பதியவேணும், ஸ்கோப்டாவோ (ரிக்வெஸ்டுக்கு ஒண்டு), டிரான்சியன்டாவோ (கேக்கிற ஒவ்வொருக்காவும் புதுசு)? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.